மகோகனித் தோல்

ஹாஜி பயூமிக்கு இரண்டே விஷயத்தில்தான் கை தாராளம்: மரத்துக்குப் பூசும் மெருகிலும், மனைவி பேரில் செய்யும் தலாக் சத்தியத்திலும். மற்ற எல்லாவற்றிலும் அவர் அசல் தும்யாத்காரர், அதாவது கஞ்சர். வந்த விருந்தாளியிடம் "சாப்பிடுறீங்களா, இல்ல வயிறு லேசாப் படுத்துக்கிறீங்களா?" என்று கேட்கிற ஊர் இது என்று கெய்ரோக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். கேலியில் பொய் கொஞ்சம்தான்.

மீன் நேற்றுப் பிடித்ததா இன்று பிடித்ததா என்ற தகராறில்கூட "இது இன்னிக்கு மீன் இல்லைன்னா என் பெஞ்சாதி தலாக்!" என்று கத்துகிற மனிதர். அது நேற்றைய மீனாகப் போய்விட்டால் ஷேக்கிடம் ஓடுவார். அவர் விதிக்கும் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சோறு போடுவார், முனகிக்கொண்டே. மூன்றாவது தடவை ஷேக் கைவிரித்துவிட்டார். "இனிமே என்கிட்ட வராதீங்க ஹாஜி. அடுத்த சத்தியம் பொய்யாச்சுன்னா வீட்டம்மா உங்களுக்கு ஹராம், தொடக்கூடாதவ. அவ்வளவுதான்."

அப்படியும் புத்தி வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன், பட்டறைத் தெருக் காப்பிக்கடையில், பதினைந்து பேர் பார்க்க மறுபடியும் வாயைக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

காரணம் ஹில்மி. ஹாஜியின் பட்டறையில் பதினோரு வருடமாகக் கல்யாண அலமாரி செதுக்குகிறவன். ரோஜாப்பூ, தங்கப் பூச்சு, மறுபடி ரோஜாப்பூ என்று செதுக்கிச் செதுக்கி அலுத்துப் போனவன். ஒருநாள் துறைமுகத்திலிருந்து சரக்கு வந்த பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகைகளை ஒட்டி, ஒரு மின்சார கிதாருக்கு உடல் செய்தான். பெட்டிப் பலகை பைன் மரம். எங்கள் ஊரில் அதற்குச் சுவைதி என்று பெயர். இருக்கிற மரத்திலேயே மலிவு. கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கவும் இழுப்பறைக்குப் பின்பலகை அடிக்கவும் அதை வாங்குவார்கள். ஹில்மி செய்த அந்தக் கிதார் ஒரு கல்யாண மேடையில் பாடியது. அடுத்த வாரமே மூன்று பேர் அவனைத் தேடி வந்தார்கள். லேசாக இருக்கிறது, நான்கு மணி நேரம் தோளில் தொங்கவிட்டாலும் வலிக்கவில்லை, சத்தமும் கணீரென்று இருக்கிறது என்றார்கள்.

ஹில்மி ஹாஜியிடம் பட்டறையின் பின்னறையைக் கேட்டான். அலமாரி வேலை முடிந்த பிறகு அங்கே உட்கார்ந்து கிதார் செய்துகொள்கிறேன் என்றான். அவனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை என்றே சொல்லலாம்.

"சுவைதியா?" ஹாஜி காப்பியைக் கீழே வைத்தார். "டேய், அது சோபாவோட வயித்துக்குள்ள கெடக்கிற மரம்டா. அதைக் கொண்டாந்து மூஞ்சியில வைக்கிறேங்கிற. நாப்பது வருசமா என் பட்டறைக்கு ஒரு பேர் இருக்கு."

"காதுக்கு மரம் தெரியாது ஹாஜி."

"வாசிக்கத் தெரிஞ்சவன் காதுக்குத் தெரியும்."

"தெரியாது."

பேச்சு வளர்ந்தது. பதினைந்து பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஹாஜி எழுந்து நின்றார். "சரிடா. மகோகனியில ஒண்ணு செய், உன் சுவைதியில ஒண்ணு செய். கெய்ரோவுலேர்ந்து உஸ்தாத் நாகியைக் கூட்டிட்டு வரேன். எது எந்த மரம்னு அவர் காது பிரிச்சுச் சொல்லிட்டா, நீ இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது. பிரிக்கலைன்னா பின்னறை உனக்கு. அங்க சுவைதியில உன் இஷ்டத்துக்கு என்ன வேணும்னாலும் செஞ்சுக்க. வாக்கு மாறினேன்னா என் பெஞ்சாதி தலாக்!"

மகோகனிக்கு ஒரே ஒரு பலகைதான் இருந்தது. பழைய நீதிபதி ஒருவரின் வீட்டை இடித்தபோது ஹாஜி வாங்கி வந்தது. எட்டு வருடமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார், தன் மகள் கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. அதைத்தான் ஹில்மியின் கையில் கொடுத்தார்.

ஹில்மி அதைக் கெடுத்துவிட்டான்.

சின்னத் தப்புதான். பட்டறை முழுக்க ஒரு சாவுக்குப் போயிருந்த மத்தியானம் அது. உடலின் வடிவத்தை வெட்டிய அட்டை அச்சைப் பலகைமேல் குப்புறப் போட்டுக் கோடு கிழித்துவிட்டான். வெட்டி, விளிம்பை இழைத்து, கழுத்து வந்து உட்காரும் குழியையும் தோண்டிய பிறகுதான் நெஞ்சோடு வைத்துப் பார்த்தான். கொம்பு போல நீளும் மேல்முனை தப்புப் பக்கம் நின்றது. இடதுகைக்காரனுக்கு ஏற்ற உடல். தும்யாத் ஜில்லாவிலேயே இடதுகையால் கிதார் வாசிக்கிறவன் ஒருவன்கூடக் கிடையாது.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். பயந்தான். பயம் பாதி, மீதிப் பாதி பேராசை. இரண்டு உடலும் சுவைதியாக இருந்தால் எந்தக் காதும் பிரிக்க முடியாதே என்று மனசின் ஒரு மூலையில் ஓடியது. கெட்டுப்போன மகோகனியை மெல்லிய தகடுகளாக அறுத்தான். பிசின் ஊறிய, இருப்பதிலேயே கனமான சுவைதியைப் பொறுக்கி எடுத்து உடல் செய்தான். முன்னும் பின்னும் மகோகனித் தகடு. ஓரங்களுக்கு ஆவியில் வளைத்த பட்டை. இணைப்புகளில் மகோகனித் தூளை வஜ்ரப் பசையில் குழைத்து அடைத்து, அரக்கு மெருகை இருபது தடவை ஏற்றினான். மலிவு மரத்துக்கு விலை மரத்தின் தோலைப் போர்த்துவது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வேலை. ஹில்மி அதில் கெட்டிக்காரன். உள்ளே ஒயர் போகும் குழிகளில் கறுப்புச் சாயம் அடித்து மூடினான்.

ஹாஜி அதை வாங்கித் தடவிப் பார்த்தார். எடை பார்த்தார். கண்ணை மூடி விரல் கணுவால் தட்டினார். "மகோகனின்னா இதான்டா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஹில்மிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் காப்பிக்கடைக் கூட்டம் முழுக்கப் பட்டறைக்குள் வந்துவிட்டது. வெளியே கடல் காற்றோடு மழை. உஸ்தாத் நாகி பெரிய ஆள், இருபது வருடம் பாடகர்களுக்குப் பின்னால் நின்று கிதார் வாசித்தவர். வந்ததும் இரண்டு கிதாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். பாதி முடிந்த ஒரு கல்யாண அலமாரியை நடுவில் நிறுத்தி, அதற்கு அந்தப் பக்கம் ஒரு தங்கப் பூச்சு சோபாவில் அவரை உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் ஹில்மி, இரண்டு கிதார், பக்கத்தில் ஹாஜி. கழுத்து, கம்பி, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் எல்லாம் இரண்டுக்கும் ஒரே பெட்டியில் வந்த சரக்கு. ஹாஜி எதைத் தொடுகிறாரோ அதை ஹில்மி வாசிக்க வேண்டும். ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் உஸ்தாத் தன் தீர்ப்பைச் சொல்ல வேண்டும்.

ஹாஜி முதலில் மகோகனித் தோல் போட்டதைத் தொட்டார்.

ஹில்மி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எங்காவது தோல் விட்டிருக்குமோ, மழை ஈரத்தில் இணைப்பு வாய் திறந்திருக்குமோ என்று கண் ஓரத்தையே தடவியது. நான்கு வரி வாசித்தான்.

"மகோகனி" என்றது அலமாரிக்கு அந்தப் பக்கக் குரல்.

ஹாஜி சிரிக்கவில்லை. மற்றதைத் தொட்டார். மூடாத, ஒளிக்காத, மஞ்சள் சுவைதி. ஹில்மிக்கு அதை எடுத்ததும் மூச்சு வந்தது. அதே நான்கு வரி.

"இது பொட்டி மரம்."

மூன்றாவது, சுவைதி. "பொட்டி மரம்." நான்காவது, தோல். "மகோகனி. சந்தேகமே இல்ல." கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். ஹில்மிக்குக் காது அடைத்தது. எப்படி? இரண்டும் ஒரே மரம். ஒரே பெட்டிக் குவியலிலிருந்து அவனே எடுத்த மரம். இந்த மனுஷன் எதைக் கேட்கிறான்? ஐந்தாவது மறுபடி தோல், மறுபடி சரி. ஆறாவது சுவைதி, அதுவும் சரி.

ஆறுக்கு ஆறு. பட்டறை அதிர்ந்தது. ஹாஜியைத் தூக்காத குறை.

உஸ்தாத் நாகி அலமாரியைச் சுற்றி வந்தார். "இதுல என்ன கஷ்டம் இருக்கு? மகோகனி அடக்கமாப் பேசுது. பெரிய எடத்துப் பொண்ணு மாதிரி. மத்தது சந்தைக்காரி, அப்படியே மேல வந்து விழுது."

அப்போதுதான் ஹில்மிக்கு உறைத்தது. தன் வலது கையைப் பார்த்தான். தோல் போட்டதை வாசிக்கும்போதெல்லாம் பயந்து பயந்து, கட்டைவிரல் சதையால் தடவியிருக்கிறான். சுவைதி வந்தால் பழைய தைரியம் வந்து, கம்பி மீட்டும் வில்லையை எடுத்து ஓங்கி அடித்திருக்கிறான். உஸ்தாத் கேட்டது மரத்தை இல்லை, அவன் பயத்தை. அதற்குத்தான் மகோகனி என்று பேர் வைத்திருக்கிறார்.

சொல்ல முடியுமா? சொன்னால், இரண்டும் சுவைதி என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் பின்னறை போச்சு, கிதார் போச்சு, சாகும்வரை ரோஜாப்பூ. ஆனால் பெயர் மிஞ்சும். திருடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாயை மூடிக்கொள்வது என்றுதான் ஹில்மி முடிவு செய்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

மாடியிலிருந்து இன்ஷிராஹ் இறங்கி வந்தாள், ஹாஜியின் மனைவி. கையில் ஒரு தட்டு நிறைய முஷப்பக், பாகு சொட்டச் சொட்ட. முப்பத்திரண்டு வருடமாக அந்த வாயோடு குடும்பம் நடத்துகிறவள்.

"முடிஞ்சுதா? நான் இன்னும் இந்த ஆளுக்குப் பெஞ்சாதிதானே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு ஹில்மியிடம் வந்தாள். "எடுத்துக்கடா. மூஞ்சியத் தொங்கப் போடாத. நீ தோத்ததுல எனக்குத்தான் நிம்மதி."

"ஏன் பெரியம்மா?"

"நீ ஜெயிச்சிருந்தா இந்தக் கஞ்சப் பிசினாறி பின்னறையைத் தூக்கிக் குடுத்திருப்பாருன்னா நெனக்கிற? இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்திருப்பாரு. சத்தியம் முறிஞ்சு போயிருக்கும். நான் ஹராமானது தெரியாமலே அவருக்குச் சோறு பொங்கிப் போட்டு, ஒரே பாயில படுத்துக்கிட்டு, நாளைக்கு அல்லா முன்னால நின்னு என்னன்னு சொல்லுவேன்?" தட்டை மறு கைக்கு மாற்றினாள். "ரெண்டு மாசமா நான் தூங்கலைடா மகனே."

ஹில்மியின் கையில் இனிப்பு பிசுபிசுத்தது. உஸ்தாத் எதையும் பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அப்படியானால் பின்னறை ஹில்மிக்குச் சேர வேண்டியது. ஹாஜி அதைக் கொடுக்கப் போவதில்லை. அவள் சொல்லிப் பயந்த அதே நிலையில்தான் அவள் இந்த நிமிஷம் நிற்கிறாள், தட்டை ஏந்திக்கொண்டு, நிம்மதியாக. அதைத் தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

"ஹாஜி" என்றான். கூட்டத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி, "ஹாஜி, கொஞ்சம் பொறுங்க."

திருப்புளியை எடுத்தான். தோல் போட்ட கிதாரில் ஒயர்க் குழிகளை மறைத்த மூடியை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினான். எட்டு ஆணி.

"டேய், என்ன பண்ற? தோத்ததும் புத்தி கலங்கிப் போச்சா?"

உள்ளே கறுப்புச் சாயம். கூட்டம் எட்டிப் பார்த்தது, ஒன்றும் புரியவில்லை. ஹில்மி உளியை வைத்துக் குழியின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தான். கறுப்பு உரிந்தது. அடியிலிருந்து மஞ்சளாக ஒரு சுருள் எழுந்து வந்தது. கூடவே வாசனை. மரப்பட்டறைத் தெருவில் பிறந்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். பிசின் வாசனைக்கு யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

"சுவைதி" என்றான் ஹில்மி. "ரெண்டும் சுவைதிதான் ஹாஜி. அச்சைக் குப்புறப் போட்டு உங்க பலகையைக் கெடுத்துட்டேன். சொல்லப் பயந்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேன். தப்பு என்னோடது. ஆனா அவர் காது எதையும் பிரிக்கல."

"என் மரம் எங்கடா?"

"மேல தோலா இருக்கு. மிச்சம் என் கட்டிலுக்கு அடியில ஒரு சாக்குல இருக்கு. ஒரு துண்டுகூட விக்கல."

உஸ்தாத் நாகியின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காப்பிக்கடைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "உஸ்தாத், அந்தப் பெரிய எடத்துப் பொண்ணு எங்க?" என்றான்.

ஹாஜி கிதாரை வாங்கினார். ஓரம் முழுக்க நகத்தை ஓட்டினார், இணைப்பு எங்கே என்று தேடி. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நகம் எங்கேயும் தட்டவில்லை. அவர் அடிக்கப் போகிறார் என்று ஹில்மி கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. உஸ்தாத்தான் முதலில் பேசினார், மெதுவாக, யாரையும் பார்க்காமல். "ஹாஜி, நானே ஏமாந்தேன்னா கெய்ரோவுல எவன் கண்டுபிடிப்பான்? இதே மாதிரி இருபது செஞ்சு குடுங்க. வித்துத் தர வேண்டியது என் பொறுப்பு."

ஹாஜியின் கண்ணில் வியாபாரம் ஏறுவதைத் தெருவே பார்த்தது. "பின்னறை உனக்குத்தான். சத்தியம் சத்தியம்தான்" என்றார் ஹில்மியிடம். "இருபது செய். இதே தோல் போட்டு."

"மகோகனின்னு சொல்லியா விப்பீங்க?"

"பின்ன, பாலாடைக்கட்டின்னு சொல்லியா விப்பாங்க?"

கூட்டம் சிரித்தது. ஹில்மி தலையாட்டினால் போதும். மன்னிப்பும் கிடைக்கும், பின்னறையும் கிடைக்கும், கெய்ரோவே வாங்கும். ஆனால் தலை ஆடவில்லை. ஒரு கிதாரின் பொய்யைச் சுமந்தே இத்தனை நாள் செத்துப் பிழைத்திருக்கிறான். சுவைதி நல்ல மரம் என்று நிரூபிக்கத்தானே இத்தனையும். அதன் முகத்தை மூடிவிட்டு விற்பதென்றால் ஜெயித்து என்ன பிரயோஜனம்?

"சத்தியத்துல தோலைப் பத்திப் பேச்சு இல்ல ஹாஜி" என்றான். "சுவைதியில உன் இஷ்டத்துக்குச் செய்னு சொன்னீங்க. என் இஷ்டம், சுவைதி சுவைதியாவே போகணும்."

ஹாஜியின் கழுத்து சிவந்தது. "என் பட்டறையில நின்னுக்கிட்டு எனக்கே சட்டம் பேசுறியா? தோல் போடலைன்னா அறையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

இன்ஷிராஹ் தட்டைச் சோபாவின் தங்கப் பூச்சின் மேலேயே வைத்தாள். காப்பிக்கடைக்காரனைப் பார்த்தாள். "இவர் அன்னிக்கு என்ன சொன்னாரு? வார்த்தை மாத்தாம சொல்லு."

"பின்னறை உனக்கு, அங்க சுவைதியில உன் இஷ்டத்துக்கு என்ன வேணும்னாலும் செஞ்சுக்க" என்றான் அவன். இப்போது அவனும் சிரிக்கவில்லை. "பதினஞ்சு பேர் கேட்டோம் ஹாஜியம்மா."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் அண்ணன் வீட்டுக்குப் பொட்டி கட்டவா, வேணாமா? இப்பவே சொல்லிடுங்க. மழை வலுக்குது."

ஹாஜி அவளைப் பார்த்தார், உஸ்தாத்தைப் பார்த்தார், கையிலிருந்த கிதாரைப் பார்த்தார். இடுப்பிலிருந்த வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்ற ஆரம்பித்தார். வளையம் இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. ஹில்மி போய் அவர் கையைப் பிடிக்கப் பார்த்தான். அவர் விலகிக்கொண்டார்.

"மரத்தைக் கெடுத்தேன்னு அன்னிக்கே வந்து நின்னிருந்தா கன்னத்துல ஒண்ணு குடுத்துட்டு மறந்திருப்பேன்" என்றார், பாதி தனக்குத்தானே. "நான் தடவிப் பார்த்து மகோகனின்னு சொன்னப்ப, பக்கத்துலதானே நின்ன? ஊரே கேக்கச் சொன்னேன். நீ பார்த்துக்கிட்டே இருந்த."

சாவி கழன்றது. அதைக் கையில் கொடுக்காமல் வேலை மேசையின்மேல் வைத்தார். பதினோரு வருடமாக டேய் என்றும் மகனே என்றும் மட்டுமே அவனைக் கூப்பிட்ட மனிதர், சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு, ஏதோ சரக்கு வாங்க வந்த வெளியூர்க்காரனிடம் பேசுவது போல நிதானமாகச் சொன்னார்.

"எடுத்துக்கங்க, உஸ்தாத் ஹில்மி. நாளையிலேர்ந்து நீங்க பின்வாசல் வழியாவே வந்து போங்க."

ஹில்மி சாவியை எடுத்துக்கொண்டான். கேட்டது கிடைத்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் அவனுக்கு அழுகை வந்தது.